துதி ஆராதனையை நீட்டினால் சபை நிலைக்குமா?

குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட் சபையின் கமிட்டிச் செயலாளர் கேட்டிருக்கிறார்: "எங்கள் அப்பா காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு போதாமல் பாய் விரிப்போம். இப்போது முப்பது பேர் வந்தால் பெரிது. போன வருஷம் கூட்டத்துக்குப் பிரசங்கிக்க வந்த ஓர் ஊழியர், 'உங்கள் சபையில் துதி இல்லை, துதி இருந்தால் சபை தானாக நிலைக்கும்' என்றார். கடன் வாங்கி கீபோர்டும் டிரம்ஸும் வாங்கினோம். துதி ஆராதனையை முக்கால் மணி நேரம் ஆக்கினோம். கூட்டம் கூடவில்லை. பெரியவர்கள் சிலர் அதற்கப்புறம்தான் வராமலே போனார்கள். உண்மையான துதி என்பது என்ன? அது சபையைத் தாங்கும் என்பது நிஜமா?"

வெளியே தெரிகிற கேள்வி இரண்டு. உள்ளே மூன்றாவது ஒன்று இருக்கிறது: நாங்கள் சுருங்கிப்போனதற்கு எங்கள் பக்திக் குறைவுதான் காரணமா? அந்த ஊழியர் சொன்னது உங்களைக் குத்தியது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆகவே அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் மதுரை அரசரடியில் இறையியல் படித்து, நீலகிரியில் தென்னிந்திய திருச்சபைப் பாஸ்டரேட்டுகளில் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊட்டி டவுன் சபையும் பார்த்திருக்கிறேன், எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில் பத்து வீடு மட்டும் உள்ள லைன் சபையும் பார்த்திருக்கிறேன். உங்கள் சபையைப் பார்த்ததில்லை. வேதமும் வரலாறும் பற்றி நான் உறுதியாகப் பேசலாம். உங்கள் ஊரைப் பற்றிச் சொல்வதை ஊகமென்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மலையில் சபைகள் சுருங்குவதற்கு முதல் காரணம் பிழைப்பு. 1990களின் கடைசியில் பச்சை இலை விலை விழுந்தது. அதிலிருந்து சிறு விவசாயி விலைக்காக மறியல், உண்ணாவிரதம் என்று உட்காராத வருஷம் குறைவு. பத்தாவது முடித்த பையன் திருப்பூருக்கும், டிகிரி முடித்த பெண் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். இலங்கையிலிருந்து திரும்பியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியா திரும்ப ஏற்க, 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அந்த மக்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தேயிலை பயிரிட ஆரம்பித்தது. அதுதான் இன்றைய டான்டீ, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் அந்தக் குடியிருப்புகளைச் சுற்றி எத்தனையோ சின்னச் சின்ன சபைகள் எழும்பின. கூரை, பிறகு தகரம், பிறகு கான்கிரீட். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் கொழுந்து பறிக்க விரும்புகிறவர்கள் எத்தனை பேர்? லைன் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இதற்குத் துதி என்ன செய்யும்?

அதனால் முதல் வேலையாகச் சபைப் பதிவேட்டை எடுத்து, ஒரு பென்சிலோடு உட்காருங்கள். அப்பா காலத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறியுங்கள்: இறந்தவர்கள், ஊர் விட்டுப் போனவர்கள், வேறு சபைக்குப் போனவர்கள், ஊரிலேயே இருந்தும் வீட்டில் உட்கார்ந்துகொண்டவர்கள். நான் பார்த்த பாஸ்டரேட்டுகளில் முதல் இரண்டு வகைதான் பெரும்பகுதி. அந்த இரண்டுக்கும் உங்கள் பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. கடைசி இரண்டு வகையைப் பற்றி மட்டும்தான் இந்தக் கேள்வியே. அது பத்துக் குடும்பமாக இருந்தாலும் சரி, அவர்களைப் பற்றி யோசிப்பது நியாயம். மற்றவர்களுக்காக உங்களை நீங்களே அடித்துக்கொள்வது நியாயம் இல்லை.

இனி வேதத்துக்கு வருகிறேன். அந்த ஊழியர் அநேகமாக 22ஆம் சங்கீதம் மூன்றாம் வசனத்தைச் சொல்லியிருப்பார்: "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்." துதி பற்றிய எந்தப் பிரசங்கமும் இந்த வசனத்தைத் தொடாமல் போகாது. ஆனால் இரண்டே வசனம் மேலே போய்ப் பாருங்கள். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று ஆரம்பிக்கிற சங்கீதம் அது. இயேசு சிலுவையில் சொன்ன வார்த்தை. கைவிடப்பட்டேன் என்று கதறுகிற ஒரு மனிதன், கதறலின் நடுவில், நீர் எங்கள் முன்னோர் துதித்த தேவன்தானே என்று பிடித்துக்கொள்கிற வசனம் அது. முக்கால் மணி நேரம் கைதட்டினால் பெஞ்சு நிறையும் என்ற வாக்குறுதி அதில் எங்கே இருக்கிறது? என் கண்ணுக்குத் தெரியவில்லை.

சங்கீதப் புத்தகம் முழுவதுமே அப்படித்தான். நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். அவற்றில் பெரும்பாலானவை அழுது, முறையிட்டு, சில நேரம் தேவனோடு சண்டையே போட்டு, கடைசியில் துதிக்கு வந்து சேரும். 88ஆம் சங்கீதம் அப்படிக்கூட வந்து சேராமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஆராதனைப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். உண்மையான துதிக்கு என் முதல் அடையாளம் இதுதான்: அந்த இடத்தில் அழவும் முடிய வேண்டும். அழ இடம் கொடுக்காத துதி ஆராதனையில் பாதிப் பேர் நடிக்கத்தான் வேண்டியிருக்கும். நடிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள். உங்கள் பெரியவர்கள் வராமல் நின்றதற்கு டிரம்ஸ் சத்தம் மட்டும்தான் காரணமா, இதுவுமா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

2009 நவம்பர் ஞாபகம் இருக்கும். கேத்தி, குன்னூர், ஊட்டி வட்டாரத்தில் பெருமழையில் மலை மலையாய்ச் சரிந்து, நாற்பது பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு நான் ஆராதனை நடத்திய சபையில் பாட்டு நடத்துகிற பையன் வழக்கமான துள்ளல் பாட்டையே எடுத்தான். வேண்டுமென்று செய்யவில்லை, வேறு தெரியாது. இரண்டாவது அடிக்கு மேல் அவன் குரல் மட்டும்தான் கேட்டது. சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "தம்பி, அதை அப்புறம் பாடலாம்" என்று சொல்லிவிட்டு, மனப்பாடமாக 130ஆம் சங்கீதத்தைச் சொல்ல ஆரம்பித்தார். "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்." சபையில் தெரிந்தவர்கள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். தெரியாதவர்கள் தலை குனிந்திருந்தார்கள். பிரசங்கத்துக்கு நான் எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவே இல்லை. அன்றைக்கு ஒரு ஸ்தோத்திரப் பாட்டுகூட ஒழுங்காகப் பாடப்படவில்லை. ஆனாலும் என் ஊழியத்தில் சபை சபையாக இருந்த நாட்கள் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

சரி, துதிக்கும் சபை வளர்வதற்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு என்று காட்ட அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தை எடுப்பார்கள். எருசலேம் சபை தேவனைத் துதித்தது, கர்த்தர் அனுதினமும் ஆட்களைச் சேர்த்தார் என்று அங்கே இருப்பது உண்மை. ஆனால் துதிக்கு முந்தின வரிகளையும் படிக்க வேண்டும். காணி பூமியை விற்று, அவனவனுக்குத் தேவையானபடி பங்கிட்டார்கள். வீடு வீடாக அப்பம் பிட்டார்கள். துதி அந்தப் பட்டியலின் கடைசியில் வருகிறது. முதல் பகுதியை விட்டுவிட்டுக் கடைசி வரியை மட்டும் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டால், அதே பலன் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தீர்க்கதரிசி ஆமோஸ் இன்னும் கடுமை: "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று." ஏன் அப்படி? ஏழையை மிதித்துவிட்டு, நகரவாசலில் நியாயத்தைப் புரட்டிவிட்டு வந்து பாடினார்கள். பாட்டில் அபஸ்வரம் இருந்ததாக ஆமோஸ் எங்கும் சொல்லவில்லை.

இந்த மலையின் சரித்திரமும் இதற்குச் சாட்சி. பாசல் மிஷன்காரர்கள், பெரும்பாலும் ஜெர்மானியர்கள், கேத்தியில் படகர் மக்களிடையே வேலை ஆரம்பித்தது 1846இல். காசமேஜர் என்ற வெள்ளைக்கார அதிகாரி தன் சொத்தையே அதற்காக விட்டுப்போனார். 1852இல் லூக்கா சுவிசேஷத்தைப் படகர் மொழியில் அச்சிட்டார்கள். முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல். பன்னிரண்டு வருஷம்! ஜெர்மானியர்களுக்குப் பாட்டு என்றால் உயிர், அந்த வருஷங்களில் அவர்கள் துதிக்காமல் இருந்திருக்க வழியில்லை. துதித்தால் ஆள் சேரும் என்பது விதியானால் அவர்களுக்கு ஏன் அது பலிக்கவில்லை? மறுபக்கம் பாருங்கள். அந்தப் பன்னிரண்டு வருஷம் எண்ணிக்கையில் பெரிதாகக் காட்ட எதுவும் இல்லாமல் அவர்கள் மூட்டை கட்டாமல் இருந்தார்களே, அது எதனால்? துதி ஒரு சபையைத் தாங்குகிறது என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான். பலன் இல்லாத காலத்தில் ஆட்களை உடையாமல் வைத்திருக்கிறது. இது என் வாசிப்பு. ஆவணம் பார்த்துச் சொல்கிற வரலாற்றுத் தீர்ப்பு இல்லை.

கட்டடத்துக்கும் துதிக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் போதும். 1829இல் அடிக்கல், 1830இல் பிரதிஷ்டை. சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்து, அதன் மரத்தை மலைமேல் ஏற்றிக்கொண்டு வந்து உத்திரம் போட்டார்கள். வெள்ளைக்காரர்களுக்காக வெள்ளைக்காரர்கள் கட்டியது. அவர்கள் போனார்கள். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி தென்னிந்திய திருச்சபை உருவானது. இன்றைக்கு அந்த உத்திரத்துக்குக் கீழே ஆராதிக்கிறவர்கள் வேறு மக்கள். சுற்றுலா வருகிறவர்கள் போட்டோ எடுப்பது கட்டடத்தை. அதைச் சபையாக வைத்திருப்பது, ஸ்வெட்டரும் குல்லாவுமாகக் காலை ஆராதனைக்கு வந்து உட்காருகிற ஜனங்கள்.

வேதத்துக்கு வெளியேயும் ஒரு பழைய சாட்சி உண்டு. கி.பி. 112 வாக்கில் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, ரோமப் பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தேவனென்று பாடுகிறார்கள் என்கிறார். அதே வாக்கியத்தில் தொடர்ந்து, திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், சொன்ன சொல் தவறமாட்டோம், நம்பிக் கொடுத்ததை மறுக்கமாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் எழுதுகிறார். அவர் அவர்களை விசாரித்துத் தண்டித்தவர், ஆதரவாளர் இல்லை. பாட்டும் நடத்தையும் ஒன்றாகவே அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

சேர்ந்து பாடுவது மனிதர்களைப் பிணைக்கும் என்பது விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிற விஷயம். 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் புதிதாகத் தொடங்கிய, வயதுவந்தோருக்கான கல்வி வகுப்புகளை ஒப்பிட்டார்கள். பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள், கைவினை, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களைவிடச் சீக்கிரம் நெருக்கமாகிவிட்டார்கள். ஆனால் ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் மற்ற வகுப்புக்காரர்களும் அதே நெருக்கத்துக்கு வந்துவிட்டார்கள். இதிலிருந்து ஒரு சபை கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டு. சேர்ந்து பாடும்போது வருகிற சிலிர்ப்பு எந்தப் பாட்டுக்கும் வரும், அதை மட்டும் வைத்துத் தேவ பிரசன்னம் என்று முத்திரை குத்தக் கூடாது. அப்புறம், பாட்டு கதவைச் சீக்கிரம் திறக்கும். ஆனால் சேர்ந்து வெகுநாள் வேலை செய்கிறவர்களும் அதே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஆராதனை முடிந்து பாத்திரம் கழுவுகிற பெண்கள் ஐக்கியத்தைக் கேட்டால் சொல்வார்கள்.

இசை பாணியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அதில் சண்டை போட்டு ஜெயித்த சபையை நான் பார்த்ததில்லை. ஒன்று மட்டும்: இன்று பெரியவர்கள் "நம்ம பாட்டு" என்று உருகுகிற கீர்த்தனைகளும் மிஷன் சபைகளுக்கு ஒரு காலத்தில் புதுசுதான். மேல்நாட்டு ராகத்தில் மொழிபெயர்த்த பாட்டுகளை ஜனங்கள் பாடத் திணறுகிறார்கள் என்று கண்டு, மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சேர்த்து 1853இல் பாட்டுப் புத்தகம் போட்டார்.  ஆகவே புதுசு என்பதற்காக டிரம்ஸ் தப்பில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஜனங்கள் பாடுகிறார்களா, பாடுவதைக் கேட்கிறார்களா? நாலு பேர் மைக்கில் பாட, முப்பது பேர் கைகட்டி நிற்பது கச்சேரி. ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு ஞாயிறு நடுவில் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுங்கள். பாட்டு தொடர்ந்தால் உங்கள் சபை பாடுகிறது. நின்றுவிட்டால், இவ்வளவு நாள் பாடியது சவுண்ட் பாக்ஸ். மலையில் கரண்டு அடிக்கடி போகிறது, ஆகவே இந்தச் சோதனையைத் தேவனே அவ்வப்போது நடத்திவிடுவார் என்றும் சொல்லலாம்.

உண்மையான துதிக்கு இன்னொரு அடையாளம், அதில் பெயரும் ஊரும் இருக்கும். பொதுவாக "நல்லவர், வல்லவர், பெரியவர்" என்று யாரும் எப்போதும் சொல்லலாம். அறுப்பின் பண்டிகையைக் கவனியுங்கள். ஆல்டருக்கு, அதாவது பலிபீடத்துக்கு, முன்னால் மண் போகாத கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கூடை முட்டை, யாரோ கொண்டுவந்த ஒரு சேவல். கோத்தகிரி பக்கம் ஒரு சபையில் ஓர் அக்கா கட்டைப் பையில் பச்சை இலை கொண்டுவந்து வைத்தார். காணிக்கை வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லலாம் என்று அங்கே வழக்கம். "காட்டெருமை வந்து பாதித் தோட்டத்தை மிதிச்சிருச்சு ஐயா. மீதி இருந்ததில் முதல் பறிப்பு இது. பிள்ளைங்க தூங்கிக்கிட்டிருந்த பக்கம் அது வரல. ஸ்தோத்திரம்" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். மிதிபட்டதை மறைக்கவில்லை. தப்பியதைப் பெரிதாக்கவில்லை. நான் படித்த துதி இறையியல் எல்லாம் அதற்குள் அடங்கும். அதே பண்டிகையில் மதியம் ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை இரண்டு கமிட்டி மெம்பர்கள் போட்டி போட்டு ஏற்றிவிட்டு, எடுத்தவர் மைக்கில் தன் பெயரை இரண்டு தரம் சொல்லச் சொன்னதும் நடந்தது. ஏல வரும்படி சபைக்குத் தேவைதான். அதைத் துதி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது அடையாளத்தை யாக்கோபு தன் நிருபத்தில் சொல்லிவிட்டார்: ஒரே நாவினால் பிதாவாகிய தேவனைத் துதிக்கிறோம், அவர் சாயலில் உண்டான மனுஷரைச் சபிக்கிறோம். சபைகள் உடைந்து நான் பார்த்தது பாட்டுக் குறைவால் இல்லை. கமிட்டித் தேர்தலாலும், கல்லறை இடத்தாலும், சாதியாலும், யார் பெயரைக் கல்வெட்டில் போடுவது என்பதாலும் உடைந்திருக்கின்றன. அப்படி உடைந்த இடங்களில் அதற்கு முந்தின ஞாயிறு வரை ஸ்தோத்திரம் அமர்க்களமாகத்தான் இருந்தது.

இங்கே, நீங்கள் கேட்காத ஒன்றைச் சேர்க்கிறேன். துதி தேவனுக்கு, மனிதனுக்கு வேண்டியது நன்றி. நம் சபைகளில் இரண்டாவது வறண்டுபோனதால்தான் பலர் ஒதுங்குகிறார்கள் என்பது என் அனுபவம். வசனத்தோடு நிரூபிக்கிற விஷயம் இல்லை, அனுபவம் மட்டுமே. ஆனால் பவுல் எழுதிய விதத்தைக் கவனியுங்கள். கொரிந்து சபை சண்டையும் கேஸுமாக நாறிக் கிடந்தது. அவர்களுக்கு எழுதும்போதும் உங்களுக்காக என் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன் என்றுதான் ஆரம்பிக்கிறார், திட்டு அப்புறம் வருகிறது. கலாத்தியருக்கு மட்டும் அந்த ஸ்தோத்திரத்தையே எழுதாமல் நேராகத் திட்டுக்குப் போகிறார். நன்றி அவருக்குச் சம்பிரதாயம் இல்லை என்று அதிலிருந்தே தெரிகிறது. ரோமர் 16இல் இருபதுக்கும் மேற்பட்ட பேரைப் பெயர் சொல்லி, யார் என்ன பாடுபட்டார்கள் என்று குறிப்பிட்டு வாழ்த்துகிறார்.

நாம் என்ன செய்கிறோம்? வெளியூர் விருந்தாளிக்குப் பொன்னாடை, ஆல்டருக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ். டிசம்பர் பனியில் விடியுமுன் வந்து, கை விறைக்க விறைக்கப் பூட்டைத் திறந்து, பெஞ்சில் படிந்த ஈரத்தைத் துணியால் துடைத்து வைக்கிற கோயில்பிள்ளைக்கு வருஷத்தில் ஒரு நாள்கூட ஒரு வார்த்தை கிடையாது. ஞாயிறு பள்ளி எடுக்கிற டீச்சர் நின்றுபோனால்தான் அவர் இருந்ததே தெரிகிறது. பொய்ப் புகழ்ச்சியை நான் சொல்லவில்லை. அதை எங்கள் ஜனங்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். மேஸ்திரிக்கும் துரைக்கும் தலைமுறை தலைமுறையாகச் சலாம் போட்ட மலை இது, வாய்ப்புகழ்ச்சி எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னார், இன்ன வேலை செய்தார், அதற்காகத் தேவனுக்கு நன்றி என்று ஜெபத்தில் ஒரு வரி. அது போதும்.

இனி உங்கள் சபைக்கு நான் என்ன செய்வேன் என்று கேட்டால், அதாவது ஊகத்தில் சொல்கிறேன்: முக்கால் மணி நேரத்தை இருபது நிமிஷமாக்குவேன். அதில் ஒரு கீர்த்தனை பெரியவர்கள் தேர்ந்தெடுப்பது, ஒரு பாட்டு பிள்ளைகள் தேர்ந்தெடுப்பது. ஒரு சங்கீதம் முழுசாக, புலம்பல் வந்தால் புலம்பலோடு, வாசிக்க வைப்பேன். மிச்சமாகும் நேரத்தில் இரண்டு பேர் அந்த வாரத்தைப் பற்றிப் பேசட்டும். நல்லதானால் நல்லது, கெட்டதானால் கெட்டது. சாட்சி என்றவுடன் அற்புதம் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் இருந்தால் அதை மெதுவாக உடைக்க வேண்டியிருக்கும். அற்புதம் எதுவும் இல்லாமல் வெறும் விலைவாசியைச் சொல்லிவிட்டு ஒருவர் உட்கார்ந்தாலும் பாதகமில்லை. வீட்டில் உட்கார்ந்துவிட்ட பெரியவர்களிடம் ஆயர் மட்டும் போனால் போதாது, நீங்கள் போங்கள். திரும்ப வாருங்கள் என்று கேட்காமல், என்ன நடந்தது என்று கேளுங்கள். இதனால் முப்பது அறுபதாகும் என்று நான் சொல்லமாட்டேன். ஆகாமல் போகலாம். லைன் வீடு பூட்டிக் கிடக்கும்வரை ஆகவும் ஆகாது. முப்பது முப்பதாகவே இருந்து, அந்த முப்பது பேர் ஒருவரை ஒருவர் தாங்கினால் அதை நான் தோல்வி என்று எழுதமாட்டேன். டயோசிஸ், அதாவது திருமண்டலத்தின், கணக்கில் எப்படி எழுதுவார்கள் என்பது வேறு விஷயம்.

டிரம்ஸை விற்றுவிடலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். விற்க வேண்டாம். அடிக்கிற பையன் திடப்படுத்தல் வகுப்பை முடித்து ஊரில் தங்கியிருக்கிற சொற்ப இளைஞர்களில் ஒருவனாக இருப்பான். அவனை உட்கார வைத்து, சத்தத்தைக் குறைத்து, கீர்த்தனைக்குத் தாளம் போடப் பழக்குங்கள். பெரியவர்களில் யாராவது ஒருவர் சொல்லிக் கொடுக்கட்டும். கடனைப் பற்றி கமிட்டி வெளிப்படையாகச் சபைக்குக் கணக்குச் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று. உங்கள் எஸ்டேட்டில் இப்போது கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்களா? நீலகிரித் தோட்டங்களில் அவர்கள் நிறைய. அங்கிருந்து வருகிற பழங்குடி மக்களில் பலர் கிறிஸ்தவர்கள். ஜார்க்கண்டின் ராஞ்சியில் ஜெர்மனியின் காஸ்னர் மிஷன்காரர்கள் வந்திறங்கியது 1845இல், கேத்தியில் பாசல் மிஷன் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்னால். உங்கள் சபைக்கு நாலு லைன் தள்ளி இருக்கிற வீட்டில் ஞாயிறு ராத்திரி யாராவது அவர்கள் பேசுகிற சாத்ரி மொழியிலோ இந்தியிலோ பாட்டுப் பாடிக்கொண்டிருக்கலாம். உங்கள் ஆராதனை எத்தனை மணிக்கு என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். வந்தால் அவர்கள் மொழியில் ஒரு பாட்டுக்கு இடம் கொடுங்கள்; அர்த்தத்தை அவர்களில் தமிழ் பழகிய பிள்ளை யாராவது சபைக்குச் சொல்லட்டும்.